பிறர் கட்டிய உயர்விலைக் கைக்கடிகாரமும் அதில் மறைந்திருக்கும் குறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்விலைக் கைக்கடிகாரம் ஒன்றைப் பிறர் கையிலிருந்து வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன். பெரும்பாலும் சாவி கொடுத்து ஓடும் இயந்திரக் கடிகாரங்களையும், கையசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களையும் பற்றியே பேசுகிறேன். பேட்டரியில் ஓடுபவற்றுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

அசல்தான் என்று உறுதியாகிவிட்டது. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அசலா போலியா என்பது ஒரு கேள்வி. எந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. வாங்கிவிட்டு வருந்தி என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அசல் கடிகாரமே. உள்ளே எண்ணெய் உலர்ந்திருக்கும், எப்போதோ தண்ணீர் புகுந்திருக்கும், கேஸ் (இயந்திரத்தைப் பொதிந்திருக்கும் உலோகக் கூடு) பலமுறை தேய்க்கப்பட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு பாகம் வேறொரு கடிகாரத்திலிருந்து வந்திருக்கும். விற்றவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

குறைகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். உலர்ந்த எண்ணெய், இறுகிப்போன ரப்பர் வளையம், காந்தம் ஏறியது போன்றவை பணம் செலவழித்தால் சரியாகிவிடும். அவை பேரம் பேச வேண்டிய விஷயங்கள். தேய்ந்து போன கேஸ், திரும்ப வண்ணம் அடித்த டயல் போன்றவற்றை எவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அவைதான் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

சமீபத்தில் சர்வீஸ் செய்தது என்கிறார்கள். நம்பலாமா?

ரசீது இருந்தால் நம்பலாம். அதிலும் யார் செய்தார், எந்தத் தேதியில் செய்தார், எந்தப் பாகங்களை மாற்றினார், நீர்ப்புகாச் சோதனை செய்தாரா என்ற விவரங்கள் இருக்க வேண்டும். முழு சர்வீஸ் என்றால் இயந்திரத்தை ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, கழுவி, தேய்ந்தவற்றை மாற்றி, அந்தந்த இடத்துக்குரிய எண்ணெய் வைத்து, ஓட்டத்தைச் சரிசெய்து, ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுவது. பின்மூடியைத் திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு அதையும் சர்வீஸ் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழைய அழுக்கின் மேல் புது எண்ணெய் விழுந்தால் அது அரைக்கும் பசையாகி, பல்சக்கர அச்சுகளின் முனைகளைத் தின்றுவிடும்.

ரோலெக்ஸ் சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஒமேகா ஐந்து முதல் எட்டு ஆண்டு என்கிறது. ரசீது இல்லாவிட்டால் சர்வீஸ் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவையும் சேர்த்து விலையை மதிப்பிடுங்கள்.

நன்றாக ஓடுகிறது, நேரமும் சரியாகக் காட்டுகிறது. அப்படியானால் உள்ளே எல்லாம் சரிதானே?

இல்லை. உலர்ந்த இயந்திரமும் சில காலம் சரியாகவே நேரம் காட்டும். அந்தக் காலத்தில்தான் அது உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும். நேரம் தவறினால்கூட, ஒழுங்குபடுத்தும் நெம்புகோலைச் சற்றே நகர்த்தி விற்கும் நாளில் சரியாக ஓடும்படி செய்துவிடலாம். எனவே டைம்கிராஃபர் என்ற கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது கடிகாரத்தின் டிக் ஒலியைக் கேட்டு மூன்று எண்களைத் தரும்: ஒரு நாளில் எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது ஒன்று; பேலன்ஸ் சக்கரம் (இருபுறமும் ஆடி ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் சக்கரம்) எத்தனை பாகை வீச்சில் ஆடுகிறது என்பது இரண்டாவது; இருபுற ஆட்டத்திலும் டிக் ஒலி சம இடைவெளியில் விழுகிறதா என்பது மூன்றாவது.

பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். நான் முதலில் வீச்சைத்தான் பார்ப்பேன். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கும்படி படுக்க வைத்தால், நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான நவீன இயந்திரங்கள் 270 முதல் 310 பாகை வரை காட்டும். அது 250-க்குக் கீழே இருந்தால் சர்வீஸ் தேவை என்று கொள்ளலாம். செங்குத்தாக நிறுத்தும்போது வீச்சு ஓரளவு குறைவது இயல்பு. ஆனால் டயல் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் கிடைக்கும் எண்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருந்தால், பேலன்ஸ் அச்சின் ஒரு முனை தேய்ந்திருக்கிறது அல்லது அடிபட்டிருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். கடிகாரங்களின் துல்லியத்துக்குச் சான்று தரும் சுவிஸ் நிறுவனமான காஸ்க், நாளொன்றுக்கு 4 விநாடி பிந்துவது முதல் 6 விநாடி முந்துவது வரை சராசரியாக அனுமதிக்கிறது. ஆனாலும் 2 விநாடி மட்டும் பிந்தி, 210 பாகை வீச்சோடு திணறும் கடிகாரத்தைவிட, 8 விநாடி முந்தி, 290 பாகையில் ஆடும் கடிகாரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஓர் எச்சரிக்கை. கருவியில் ‘லிஃப்ட் ஆங்கிள்’ (ஒவ்வோர் ஆட்டத்திலும் பேலன்ஸ் சக்கரம் உந்தப்படும் கோணம்) என்ற அளவை அந்தந்த இயந்திரத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். பல சுவிஸ் இயந்திரங்களுக்கு அது 50 பாகையை ஒட்டியிருக்கும். கருவிகள் பொதுவாக 52 என்ற அளவிலேயே வைக்கப்பட்டிருக்கும். ஒமேகாவின் 8500 போன்ற, வேறு வகை உந்து அமைப்பு கொண்ட கோ-ஆக்சியல் இயந்திரங்களுக்கு அது 38. இதை மாற்றாமல் அளந்தால், களைத்துப் போன கோ-ஆக்சியல் இயந்திரமும் துடிப்பாக இருப்பதுபோலப் பொய்யான எண் வரும். விற்பவர் அனுப்பும் டைம்கிராஃபர் படத்தில் இந்த அளவும் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒரு நாளைக்குப் பல நிமிடம் முந்துகிறது. பெரிய செலவு வருமா?

பெரும்பாலும் வராது. காந்தம் ஏறினால், பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல ஆகிக் கடிகாரம் வேகமாக ஓடும். ஒலிபெருக்கி, கைப்பேசி உறையின் காந்தம், பையின் காந்தப் பூட்டு ஆகியவையெல்லாம் இதற்குப் போதும். திசைகாட்டியின் அருகே கடிகாரத்தை நகர்த்தும்போது அதன் முள் துடித்து ஆடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் நீக்கும் சிறு கருவியில் சில விநாடிகளில் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் முந்தினால், ஸ்பிரிங் அடிபட்டு வளைந்திருக்கலாம் அல்லது அதில் எண்ணெய் படிந்திருக்கலாம். அது சர்வீஸ் வேலை.

பளபளவென்று புதிதுபோல இருக்கிறது. நல்லதுதானே?

என்னைப் பொறுத்தவரை அதுவே முதல் சந்தேகம். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். கவனமாக ஒருமுறை செய்தால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்கப்பட்ட கேஸ், பயன்படுத்திய சோப்புக் கட்டி போல விளிம்புகள் மழுங்கிப் போயிருக்கும்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை எடுத்துக்கொண்டு, பட்டையைப் பிடிக்கும் நான்கு காதுகளை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். மேற்பரப்பில் கோடு கோடாக மங்கலாக இழைத்த பகுதியும், பக்கவாட்டில் கண்ணாடிபோல மினுங்கும் பகுதியும் சந்திக்கும் இடத்தில் கூர்மையான ஒற்றைக் கோடு இருக்க வேண்டும்; அந்த இடம் வளைந்து ஒன்றோடொன்று கரைந்திருந்தால் சக்கரம் அங்கே போய் வந்திருக்கிறது. காதுகளில் துளை வெளியே தெரியும் பழைய மாடல்களில், துளை விளிம்பை நெருங்கி வந்திருக்கிறதா, துளையின் வாய் உள்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு காதுகளும் ஒரே தடிமனில் இருக்கின்றனவா, கிரவுனின் (சாவி கொடுக்கும் குமிழின்) இருபுறமும் உள்ள பாதுகாப்பு முனைகள் சமமாக இருக்கின்றனவா, பின்மூடியின் எழுத்துகளும் தங்கக் கேஸின் முத்திரையும் ஆழமாகத் தெரிகின்றனவா என்பதும் முக்கியம். அதே மாடலின் தொடாத கேஸ் ஒன்றின் தெளிவான படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண் விரைவில் பழகிவிடும்.

லேசர் வெல்டிங்கில் உலோகம் சேர்த்து, விளிம்பை மீண்டும் உருவாக்கும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அந்த வேலை நன்றாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்லாமல் ‘பாலிஷே படாதது’ என்று விற்பது ஏமாற்றுதான். தினசரி கட்டிய கீறல்களோடு விளிம்புகள் கூர்மையாக இருக்கும் கடிகாரம், கீறலே இல்லாத மழுங்கிய கடிகாரத்தைவிட எப்போதும் மேலானது.

நேரில் பார்க்கும்போது கையோடு எதையெல்லாம் சோதிக்கலாம்?

கிரவுனிலிருந்து தொடங்குங்கள். திருகி மூடும் வகையானால், அதை அவிழ்த்து மீண்டும் திருகும்போது முதல் சுற்றிலேயே மரை சீராகப் பிடிக்க வேண்டும். வழுக்கினாலும் கோணலாக ஏறினாலும் உள்ளே உள்ள குழாயின் மரை தேய்ந்திருக்கிறது. சாவி கொடுக்கும்போது மணல் அரைபடும் உணர்வு வரக் கூடாது. முட்களை நள்ளிரவு வரை முன்னோக்கித் திருப்பித் தேதி மாறுவதைப் பாருங்கள். தேதி சன்னலின் நடுவில் வந்து நிற்க வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் முட்கள் இருக்கும்போது தேதியை மட்டும் விரைவாக மாற்றினால் பற்கள் உடையக்கூடும். முந்தைய உரிமையாளர் அப்படிச் செய்திருந்தால், இந்தச் சோதனையில் தேதி பாதியில் சிக்கி நிற்கும்.

நிறுத்துக்கடிகாரம் உள்ள மாடலில் பொத்தானை அழுத்தி ஓட விட்டு, நிறுத்தி, பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். நீண்ட விநாடி முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வந்து நிற்க வேண்டும். ஓடும்போது மற்ற விநாடி முள் தடுமாறினால் உள்ளே வலு போதவில்லை. செயினைப் படுக்கைவசத்தில் பிடித்து நீட்டிப் பாருங்கள். கண்ணிகள் தளர்ந்து அது வில்லாகத் தொங்கினால் உள்ளூசிகள் தேய்ந்துள்ளன. கண்ணிகளை எண்ணவும் மறக்காதீர்கள். தனியாக வாங்கினால் அவற்றின் விலை அதிகம். சபையர் கண்ணாடியிலும் அதைச் சுற்றியுள்ள செராமிக் வளையத்திலும் கீறல் எளிதில் விழாது, ஆனால் அடிபட்டால் விளிம்பு சிதறும். ஆகவே நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள்.

கண்ணாடிக்குள் லேசாகப் பனி படர்கிறது, சிறிது நேரத்தில் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

ஒரு நாள்கூட விடக் கூடாது. பனி மறைந்தது ஈரம் வெளியேறியதால் அல்ல. ஆவியாகி உள்ளேயே இருப்பதால். அது முதலில் கிரவுனின் எஃகுத் தண்டையும் மெல்லிய திருகுகளையும் பிடிக்கும், பிறகு டயலில் புள்ளி புள்ளியாக எழும்பும். உப்பு நீராக இருந்தால் சேதம் இன்னும் விரைவு. கண்ணாடியின் நடுவே உள்புறத்தில் பனி நிற்கிறதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: கடிகாரத்தைக் கைச்சூட்டைவிடச் சற்று அதிகமாக, சுமார் 40 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால், உள்ளே ஈரம் இருக்கும்பட்சத்தில் அந்த இடத்தில் மட்டும் மங்கல் தெரியும்.

டயலில் 100 மீட்டர் என்று எழுதியிருப்பது புதிதாக வந்தபோது செய்த அழுத்தச் சோதனையைக் குறிக்கும். ரப்பர் வளையம் இறுகிய பிறகு அந்த எழுத்துக்குப் பொருள் இல்லை. பழைய கடிகாரம் எதையும், அழுத்தச் சோதனை முடியும் வரை, தண்ணீருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் விற்பவர் மறுக்கிறார். ஏதோ மறைக்கிறாரா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். திறந்து மூடினால் நீர்ப்புகாத் தன்மை குறையலாம் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. இருவரும் சம்மதிக்கும் ஒரு கடிகார மெக்கானிக்கிடம், அவர் முன்னிலையிலேயே, உங்கள் செலவில் திறந்து பார்த்து அழுத்தச் சோதனையோடு மூடித் தரலாம் என்று சொல்லுங்கள். அதையும் மறுத்தால் விலகிவிடுவது நல்லது.

திறந்தபின் மெக்கானிக் முதலில் திருகுகளின் தலையைப் பார்ப்பார். காடி சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளியோடு அவசரக் கை ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. ரோட்டர் (கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) பகுதியைச் சுற்றி வட்டமான உரசல் தடமோ நுண்ணிய உலோகத் தூளோ இருக்கிறதா என்பது அடுத்தது. 1988 முதல் நெடுங்காலம் பயன்பட்ட ரோலெக்ஸ் 3135 இயந்திரத்தில் ரோட்டர் குண்டு பேரிங்கில் சுழல்வதில்லை, ஒரு சிறு அச்சில் சுழல்கிறது. அந்த அச்சு தேய்ந்தால் ரோட்டர் சாய்ந்து உரசத் தொடங்கும். காதருகே வைத்து மெல்ல அசைத்தால் சுரண்டும் ஒலி கேட்பது அதனால்தான். அதே சமயம் 7750 என்ற நிறுத்துக்கடிகார இயந்திரத்தில் ரோட்டர் ஒரு திசையில் தடையின்றிச் சுழன்று மணிக்கட்டே அதிர்வது போலத் தோன்றுவது அதன் இயல்பு. அதைக் குறை என்று எண்ணிப் பலர் பயந்திருக்கிறார்கள்.

பழைய மாடல்தான், ஆனால் இருட்டில் முட்களும் எண்களும் பிரகாசமாக ஒளிர்கின்றன. நன்றாகப் பராமரித்திருக்கிறார்களா?

பராமரிப்பால் அப்படி ஒளிராது. கதிரியக்கப் பொருள்களான ரேடியம் 1960-கள் வரையும், டிரிட்டியம் அதன்பின் 1990-களின் இறுதி வரையும் ஒளிர்பூச்சில் பயன்பட்டன. ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் டயல் முகப்பின் கீழோரத்தில் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அது டிரிட்டியத்தைக் குறிக்கும். டிரிட்டியம் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும்; ஆகவே 1980-களின் டயல் இன்று ஏறக்குறைய இருண்டே இருக்க வேண்டும். அது பளிச்சென்று ஒளிர்ந்தால் புதுப் பூச்சு பூசப்பட்டிருக்கிறது, அல்லது டயலே மாற்றப்பட்டிருக்கிறது. முட்கள் மட்டும் ஒளிர்ந்து எண்கள் ஒளிராவிட்டால் முட்கள் மாறியிருக்கின்றன.

திரும்ப அச்சடித்த டயலை லென்ஸில் கண்டுபிடிக்கலாம்: எழுத்தின் ஓரங்கள் கசிந்திருக்கும், சிறு எழுத்துகளின் இடைவெளி ஒழுங்கற்று இருக்கும், நிமிடக் கோடுகள் ஓரத்தைச் சமமாகத் தொடாது. ரேடியம் காலத்து டயல் என்று சந்தேகம் இருந்தால் நீங்களாகத் திறக்கவோ பூச்சைச் சுரண்டவோ வேண்டாம்; ஒளிர்வு நின்றுவிட்டாலும் கதிரியக்கம் நிற்கவில்லை, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாதது.

எல்லாப் பாகங்களும் அசல், ஆனாலும் ‘இது கலப்பு’ என்கிறார் மெக்கானிக். எப்படி?

பாகங்கள் ஒவ்வொன்றும் அதே நிறுவனத்தின் அசலாக இருந்தும், அவை ஒன்றாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வராதவையாக இருக்கலாம். இது எவ்வளவு உயரம் வரை செல்லும் என்பதற்கு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்றின் கதையே போதும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அது 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது; வாங்கியது ஒமேகா நிறுவனமே. அந்தக் கடிகாரம் வெவ்வேறு பாகங்களிலிருந்து சேர்க்கப்பட்டது என்று 2023-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. வல்லுநர்கள் நிறைந்த சபையிலேயே இது நடக்கிறது என்றால் நாம் கவனமாக இருப்பதில் தவறில்லை.

சர்வீஸில் தேய்ந்த பாகத்தை நிறுவனமே மாற்றியது கலப்பு ஆகாது. அதற்கு ரசீது இருக்கும், வெளிப்படையாகச் சொல்லவும் முடியும். கேஸ் எண், இயந்திர எண், டயலின் வகை ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். பதேக் ஃபிலிப் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் பதிவேட்டிலிருந்து பழைய கடிகாரத்தின் விவரத்தை எழுத்தில் தருகின்றன. அந்தத் தாள் கடிகாரம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லும். இன்று அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

பெட்டி, உத்தரவாதக் கார்டு எல்லாம் இருக்கின்றனவே, போதாதா?

அவை கூடுதல் நன்மை, சான்று ஆகா. பெட்டியும் கார்டும் தனியாகவே விற்கப்படுகின்றன. கார்டில் உள்ள எண்ணைக் கடிகாரத்தில் உள்ள எண்ணோடு நீங்களே ஒப்பிட வேண்டும். ரோலெக்ஸில் 2000-களின் நடுப்பகுதி வரை அது ஆறு மணிப் பக்கத்தில் காதுகளுக்கு இடையே இருந்தது, செயினைக் கழற்றினால்தான் தெரியும். பின்னர் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்துக்கு மாறியது. அந்த எண் அரித்தோ தேய்த்தோ மங்கியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். காணாமல் போன கடிகாரங்களைப் பதிவுசெய்யும் ‘தி வாட்ச் ரெஜிஸ்டர்’ போன்ற தரவுத்தளத்தில் பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணைத் தேடிவிடுவதும் அவசியம்.

பேட்டரி வாட்ச் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பழைய பேட்டரி உள்ளே கசிந்து சர்க்யூட்டை அரித்திருக்கலாம், அதற்கு மாற்று சர்க்யூட் கிடைக்காத மாடல்களும் உண்டு. விநாடி முள் நான்கு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை தாவினால் பல மாடல்களில் அது பேட்டரி தீர்வதற்கான அறிவிப்பே. புதுப் பேட்டரி போட்ட பின்னும் தாவினால் மட்டும் கவலைப்படுங்கள். பாலிஷ், ஈரம், டயல் பற்றி மேலே சொன்னவை இதற்கும் அப்படியே பொருந்தும்.

வாங்கிவிட்டேன், இப்போதுதான் குறை தெரிகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஈரம் புகுந்த அவசரம் தவிர, வேறெந்தக் குறையையும் உடனே சரிசெய்யாதீர்கள். பழுது பார்த்துவிட்டால் குறை இருந்ததற்கான ஆதாரமும் போய்விடும், குறையை ஏற்படுத்தியது உங்கள் மெக்கானிக்தான் என்று விற்றவர் சொல்லவும் இடமாகும். விற்றவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கேஸ் எண், டைம்கிராஃபர் அளவு, உள்பக்கப் படங்கள் ஆகியவற்றோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் படமெடுத்து வையுங்கள், விளம்பரம் அழிக்கப்பட்டுவிடலாம்.

பிறகு விற்றவருக்கு அமைதியாக எழுதுங்கள். அவர் என்ன சொல்லி விற்றார், அறிக்கை என்ன சொல்கிறது, நீங்கள் கேட்பது திரும்பப் பெறுவதா அல்லது பழுதுச் செலவா என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருந்தால் போதும். வங்கிக் கார்டு மூலமோ, வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தரும் தளம் மூலமோ பணம் கொடுத்திருந்தால் புகாருக்குக் கெடு இருக்கும். பேச்சுவார்த்தையில் அந்தக் கெடு கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வணிகரிடம் வாங்கியதற்கும் தனிநபரிடம் வாங்கியதற்கும் சட்டப் பாதுகாப்பு பல நாடுகளில் வேறுபடும்.

பேசாமல் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே அனுப்பிவிடலாமா?

அண்மைக் காலத்து மாடலானால் அதுவே சிறந்த வழி, உத்தரவாதத்தோடு வரும். ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் தொடங்கிய சான்றளித்த மறுவிற்பனைத் திட்டத்தில்கூட இரண்டு ஆண்டு உத்தரவாதம் தருகிறது என்பதால், அதோடு விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் செய்யலாம். ஆனால் வெளியார் செய்த டயலோ, பிறகு பதித்த வைரமோ இருந்தால் மையம் வேலையை ஏற்க மறுக்கலாம், அல்லது அவற்றை மாற்றினால்தான் செய்வோம் என்று சொல்லலாம்.

பல பத்தாண்டுகள் பழைய கடிகாரமாக இருந்தால் நான் தயங்குவேன். அவர்களின் நோக்கம் கடிகாரத்தைப் புதிதுபோல ஆக்குவது. அதற்காகப் பழைய டயலையும் முட்களையும் மாற்றி, கேஸைப் பாலிஷும் செய்துவிடுவார்கள். மதிப்பில் பெரும்பகுதி அந்தப் பழைய டயலிலேயே இருந்திருக்கும். அனுப்பினால், பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் தொட வேண்டாம், மாற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்னரே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

குறை இருப்பது தெரிந்தே வாங்கலாமா? பிறகு நான் விற்கும்போது அதைச் சொல்லத்தான் வேண்டுமா?

முதல் பதிலில் சொன்ன பிரிவை வைத்துப் பார்த்தால், சரிசெய்யக்கூடிய குறை, அதற்கான செலவு எழுத்தில், அந்தச் செலவு கழிந்த விலை ஆகிய மூன்றும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். எண்ணெய் உலர்ந்து நின்றுபோன, ஆனால் எவரும் கைவைக்காத கேஸும் டயலும் உள்ள கடிகாரம் கிடைத்தால் நானே விரும்பி வாங்குவேன். மாற்று உதிரிபாகம் கிடைக்குமா என்பதை மட்டும் முதலில் விசாரித்துவிடுவேன்.

விற்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் வாங்கியபோது கிடைத்த அறிக்கை, சர்வீஸ் ரசீது, மாற்றப்பட்ட பழைய பாகங்கள் இருந்த சிறு உறை எல்லாவற்றையும் கடிகாரத்தோடு கொடுத்துவிடுங்கள். கேஸ் எப்போதாவது பாலிஷ் செய்யப்பட்டிருந்தால் அதையும் விளம்பரத்தின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். காதுகளின் விளிம்பு நன்றாகத் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.